கடலில் காய்க்காத கடல் தேங்காய்

மும்பையில் மஸ்ஜித் பந்தர் பக்கத்து நாட்டு மருந்துச் சரக்குக் கடைகளில் "தரியாயி நாரியல் இருக்கா?" என்று கேட்டு வருகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கேட்கிற பொருள், யானைத் தந்தத்தை உடைத்துப் போட்டது போல வெள்ளையாய், கெட்டியாய் இருக்கும் சில துண்டுகள். மோந்து பார்த்தால் வாசனை கிடையாது. நாக்கில் வைத்தால் ருசி கிடையாது. விலை மட்டும் உண்டு.

நம் சங்க மலரில் சங்க இலக்கியம், சிற்பம், கல்வெட்டு என்று கற்றறிந்தவர்கள் எழுதுவது வழக்கம். அடியேன் சரக்கு விற்கிறவன். வந்தவாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஜைனர் என்று சொன்னதும் இங்கே எல்லாரும் "சேட்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். தமிழ் பேசுகிற ஜைனர்களும் உண்டு என்று விளக்குவதற்குள் வாடிக்கையாளர் சரக்கை வாங்கிக்கொண்டு போயே விடுவார். கல்லூரிப் படிப்பு இல்லை. ஆனால் விற்கிற பொருள் எங்கே விளைந்தது, எப்படி வந்தது என்று தெரியாமல் விற்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அந்தப் பிடிவாதத்தில் பழைய புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் தேடிப் படித்ததில், என்னை அதிகம் அலைய வைத்தது இந்தத் தரியாயி நாரியல்தான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். 'தரியா' என்றால் பாரசீகத்தில் கடல். ஆக, கடல் தேங்காய். தமிழிலும் கடல் தேங்காய் என்றே சொல்வார்கள். இரட்டைத் தேங்காய் என்பதும் உண்டு. மராட்டியில் 'ஜஹரி நாரள்', அதாவது விஷத் தேங்காய். விஷத்தை முறிக்கும் என்ற நம்பிக்கையால் வந்த பெயர் என்பார்கள் சிலர். 'தரியாயி' என்பதுதான் வாயில் தேய்ந்து 'ஜஹரி' ஆனது என்பார்கள் வேறு சிலர். தாவர நூலார் வைத்த பெயர் 'லொடோய்சியா மால்டிவிகா', அதாவது மாலத்தீவுக்கு உரியது.

இத்தனை பெயரில் ஒன்றுகூட முழு உண்மை இல்லை என்பதுதான் வேடிக்கை. இது கடலில் விளைவதில்லை. தேங்காயும் இல்லை. விஷமும் இல்லை. மாலத்தீவில் இந்த மரம் இயற்கையாக முளைத்ததே இல்லை.

இது விளைகிற இடம் செஷல்ஸ் தீவுகள். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளி, இந்துமாக் கடலின் நடுவே இருக்கிற சின்ன நாடு. மொத்தம் 115 தீவுகள் என்று கணக்கு. அத்தனையிலும் இந்த மரம் இல்லை. பிராலின், கியூரியஸ் என்ற இரண்டே தீவுகளில்தான் இயற்கையாக வளர்கிறது. உலகத்தில் வேறு எந்த மூலையிலும் தானாக முளைத்த கடல் தேங்காய் மரம் கிடையாது; வேறெங்கு இருந்தாலும் அது மனிதன் கொண்டுபோய் நட்டது.

தேங்காய் இல்லை என்றால் பிறகு என்ன? தென்னை, பனை, ஈச்சை, கமுகு எல்லாம் ஒரே பெருங்குடும்பம். அந்தக் குடும்பத்துக்குள் கிளை பிரித்துப் பார்த்தால் கடல் தேங்காய் சேருவது தென்னைக் கிளையில் இல்லை, பனைக் கிளையில். நம் ஊர்ப் பனைமரத்துக்கு இது பங்காளி. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, தோட்டக்கலைப் புத்தகங்கள் பெரிய அதிசயமாக வர்ணிக்கிற விஷயங்கள் பலவும் நமக்கு வீட்டு விஷயமாகிவிடுகின்றன.

பனையில் ஆண்மரம் தனி, பெண்மரம் தனி. அலகுப் பனை, பருவப் பனை என்று நம் கிராமத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லும். இதிலும் அப்படியே. ஆண்மரத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பருத்த பூந்தண்டு தொங்கும். காய் பெண்மரத்தில் மட்டும்தான். பனங்காய் இளசாக இருக்கும்போது உள்ளே நுங்கு. இதன் இளங்காய்க்குள்ளும் நுங்கு போலவே வழுவழுப்பான பருப்பு உண்டு, பிராலின்காரர்கள் கரண்டியால் தோண்டித் தின்பார்கள். நுங்கு முற்றினால் பல்லுக்கு அசையாத கொட்டை ஆகிறதல்லவா, இதுவும் முற்றினால் அந்தத் தந்தத் துண்டு.

முளைக்கிற விதம் இன்னும் வேடிக்கை. பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் போட்டால் குருத்து கொட்டையிலிருந்து நேரே மேலே வராது. கொட்டையிலிருந்து ஒரு குழல் மண்ணுக்குள் இறங்கி, அடியில் கிழங்கு கட்டி, அதற்கு அப்புறம்தான் இலை. அந்தக் கிழங்கைத்தான் பொங்கலுக்கு வேகவைத்துத் தின்கிறோம். கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சு போலத் தவுன். சில ஊரில் பூரான் என்பார்கள். கடல் தேங்காயும் இதே வேலையைத்தான் செய்கிறது, ஆனால் ராட்சத அளவில். கொட்டையிலிருந்து கயிறு போல ஒரு குழல் புறப்பட்டு மண்ணுக்குள்ளேயே மூன்று மீட்டருக்கு மேல்கூட ஓடும். தாய்மரத்தின் காலடி நிழலை விட்டுத் தள்ளிப் போய், அங்கே இளங்கன்று தலைகாட்டும். கன்று தலையெடுத்த பிறகும் சில வருஷங்கள் அந்தக் குழல் வழியாகவே கொட்டையில் இருக்கிற சத்தைக் குடித்துக்கொண்டிருக்கும்.

அளவைச் சொன்னால் மலைப்பாக இருக்கும். உலகத்திலேயே பெரிய விதை இதுதான். ஒரு கொட்டை சாதாரணமாகப் பதினைந்து, இருபது கிலோ. 25 கிலோ வரைகூட எடை கண்டிருக்கிறார்கள். காய் முற்ற ஆறு ஏழு வருஷம். முளைக்கப் போட்டால் வேர் விட்டு வெளியே வர மேலும் மாதங்கள், சில சமயம் இரண்டு வருஷம். மரம் முதல் காய் காய்க்க இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். ஓலை ஒவ்வொன்றும் விசிறி மடிப்போடு, இளமரத்தில் பத்து மீட்டர் நீளம்கூட வரும். மழை பெய்தால் அந்த மடிப்புகள் ஓடுகால் மாதிரி வேலை செய்து, மேலே விழுந்த மகரந்தம், சருகு, பறவை எச்சம் எல்லாவற்றையும் கழுவி மரத்தின் அடியிலேயே கொண்டுவந்து சேர்க்கின்றன. சத்தில்லாத மண்ணில் இவ்வளவு பெரிய காயை மரம் எப்படி வளர்க்கிறது என்பதற்கு 2015-ல் ஆராய்ச்சியாளர்கள் சொன்ன விளக்கம் இது. தன் எருவைத் தானே போட்டுக்கொள்கிற மரம்!

நம் நாட்டிலும் ஒரு மரம் பெயர் பெற்றது. கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹவுராவின் சிப்பூர் தாவரவியல் தோட்டத்தில் 1894-ல் நட்டது. அது பெண்மரம். பூத்தும் பயனில்லை, பக்கத்தில் ஆண்மரம் இல்லை. இலங்கையிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் மகரந்தத்தை வரவழைத்துக் கையால் தடவி, நூறு வயதுக்கு மேல்தான் அது காய் பிடித்தது. இலங்கை செல்கிறவர்கள் பேராதனைத் தோட்டத்தில் இந்த மரங்களைக் காணலாம்.

இப்போது கதைக்கு வருவோம். இந்தக் காய் பிராலின் தீவில் விளைகிறது என்று 1768 வரைக்கும் உலகத்தில் யாருக்கும் தெரியாது. செஷல்ஸில் அப்போது குடியேற்றமே இல்லை. ஆனால் காய் மட்டும் பல நூறு ஆண்டுகளாக மாலத்தீவின் கரைகளில் ஒதுங்கிக்கொண்டிருந்தது. எப்போதாவது நம் மேற்குக் கரையிலும், இலங்கையிலும், ஜாவா, சுமத்ரா பக்கத்திலும்.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்க வேண்டும். முளைக்கும் சக்தியுள்ள நல்ல காயைக் கடலில் போட்டால் அது கல் மாதிரி மூழ்கிவிடும். உள்ளே பருப்பு அழுகிக் கூடான பிறகுதான் மிதக்கும். ஆகவே நீரோட்டத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் மிதந்து கரைக்கு வந்தவை எல்லாம் உயிர் போன கூடுகள். நட்டாலும் முளைக்காது. காயைக் கண்டவர் உண்டு, மரத்தைக் கண்டவர் இல்லை. அப்படியானால் மரம் எங்கே இருக்க முடியும்? கடலுக்கு அடியில்தான் என்று மாலுமிகள் முடிவு கட்டிவிட்டார்கள். 'கடல் தேங்காய்' என்ற பெயர் பிறந்தது இப்படி.

மலாய் மக்களிடையே இதற்கு ஒரு அழகான கதை உண்டு. கடலின் தொப்புள் என்று ஒரு பெரிய நீர்ச்சுழல். அதன் நடுவே 'பாவ் ஜங்கி' என்னும் மரம். அதில்தான் இந்தக் காய். டச்சுக்காரர்களிடம் பணிபுரிந்து அம்போன் தீவில் வாழ்ந்த ரும்ஃபியஸ் என்ற தாவர அறிஞர் 17-ஆம் நூற்றாண்டில் இதைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். மரத்தில் கருடன் குடியிருக்குமாம். ராத்திரியில் பறந்து போய் யானையையும் காண்டாமிருகத்தையும் தூக்கிக்கொண்டு வருமாம். சுழலில் அகப்பட்ட கப்பல் திரும்பாதாம். நம் பாட்டிமார் சொல்கிற ஏழு கடல், ஏழு மலைக் கதைக்கு எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

மாலத்தீவிலோ கதையோடு நிற்கவில்லை, சட்டமே வந்துவிட்டது. கரையில் ஒதுங்கிய காய் சுல்தானுக்குச் சொந்தம். கண்டெடுத்தவன் மறைத்தால் கடும் தண்டனை. 1602 முதல் 1607 வரை அங்கே சிறைப்பட்டிருந்த பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா பிரார், ஒருவன் திடீரென்று பணக்காரன் ஆனால் 'இவனுக்குக் கடல் தேங்காயோ அம்பரோ கிடைத்திருக்க வேண்டும்' என்று ஊரார் பேசிக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறார். அம்பர் என்பது திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து வரும் வாசனைப் பொருள். அதற்கு நிகராக இந்தக் காயை வைத்திருக்கிறார்கள்.

விலைக்குக் காரணம் ஒரு நம்பிக்கை: இந்த ஓட்டில் ஊற்றிக் குடித்தால் விஷம் ஏறாது. அரசர்களுக்கு அந்தக் காலத்தில் எதிரியைவிடச் சமையற்காரனிடம்தான் பயம். கோவாவில் வாழ்ந்த போர்த்துகீசிய மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563-ல் அங்கேயே அச்சிட்ட மருந்துச் சரக்கு நூலில் மாலத்தீவுத் தேங்காயைப் பற்றியும் பேசுகிறார். மும்பைவாசிகளுக்கு இவர் அந்நியர் அல்லர்; அன்றைய பம்பாய்த் தீவே ஒரு காலத்தில் இவருக்குக் குத்தகையாக இருந்தது. மாலத்தீவு முன்னொரு காலத்தில் ஒரே நிலமாக இருந்து கடலில் மூழ்கியது, அப்போது புதைந்த மரங்களின் காய்களே இவை என்பது அவர் கேள்விப்பட்ட விளக்கம். ஐரோப்பாவில் ருடால்ஃப் என்ற பேரரசர் ஒரே ஒரு காய்க்கு 4,000 பொற்காசு தர முன்வந்தார் என்பார்கள். அவருக்காக 1602-ல் பொற்கொல்லர் ஆன்டன் ஷ்வைன்பெர்கர் கடல் தேங்காய் ஓட்டில் வெள்ளிக் கட்டுப் போட்டுச் செய்த கூஜா ஒன்று இன்றும் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வியாபாரி என்ற முறையில் எனக்கு இதற்கு அடுத்த கட்டம்தான் ரொம்பப் பிடிக்கும். 1768-ல் மரியோன் துஃப்ரேன் என்பவர் அனுப்பிய பிரெஞ்சுக் கப்பல்காரர்கள் பிராலின் தீவில் இறங்கினார்கள். காட்டுக்குள் போனால் பள்ளத்தாக்கு முழுக்க இந்த மரம்! ராஜாக்கள் தவம் கிடந்த காய் காலடியில் உருண்டு கிடக்கிறது. அந்தப் பயணத்தில் இருந்த கப்பல் தலைவர் ஒருவர் வாயைத் திறக்காமல் அடுத்த வருஷமே திரும்பி வந்து, கப்பல் நிறைய ஏற்றிக்கொண்டு இந்தியாவுக்குப் போனார். குவித்து விற்றதும் என்ன ஆகும்? விலை பாதாளத்துக்குப் போய்விட்டது. ஒரே ஒரு பாரக் கப்பல், இருநூறு வருஷத்து ரகசியத்தை முடித்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக விட்டிருந்தால் அவர் பேரன் வரை சாப்பிட்டிருக்கலாம் என்று எங்கள் சந்தைக்காரர்கள் இந்தக் கதையைக் கேட்டதும் சொல்லுவார்கள்.

ரகசியம் போன பிறகுதான் இந்த மரத்தின் உண்மையான பயன்கள் வெளியே வந்தன. பிராலினில் குடியேறியவர்களுக்கு இது மந்திரக் காய் இல்லை, வீட்டுச் சாமான். 1827-ல் இங்கிலாந்தின் ஒரு தாவரவியல் இதழில் ஹூக்கர் எழுதிய விவரங்களைப் படித்தால் நம் பனையோலைக் குடிசைகள்தான் கண் முன்னே வரும். நூறு ஓலை இருந்தால் வசதியான ஒரு வீடே கட்டிவிடலாமாம். கூரை மட்டுமில்லை, அறைத் தடுப்பு, கதவு, ஜன்னல் எல்லாம் ஓலை. இளங்குருத்தைக் கிழித்துத் தொப்பி பின்னுவார்கள். இளஓலையில் ஒட்டியிருக்கிற பஞ்சு போன்ற சுனையை மெத்தைக்கும் தலையணைக்கும் அடைப்பார்கள். மட்டை நாரில் கூடை, துடைப்பம். அடிமரத்தைப் பிளந்து குடைந்தால் தண்ணீர் ஓடும் வாய்க்கால், வேலிக்குக் கட்டை. கொட்டையை முழுசாகத் துளை போட்டு எடுத்தால் தண்ணீர்க் குடம், பாதியாக அறுத்தால் தட்டு, கிண்ணம், மாவு அள்ளுகிற முகவை, படகில் புகுந்த நீரை இறைக்கிற சொரட்டை. 'பிராலின் தீவுப் பாத்திரம்' என்றே பிரெஞ்சுக்காரர்கள் கேலியாகச் சொல்வார்களாம். வியன்னாவில் வெள்ளிக் கட்டோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அதே ஓடுதான் பிராலினில் படகுத் தண்ணீர் இறைத்தது.

தீவு மக்களிடமும் கதை இல்லாமல் இல்லை. காயின் வடிவம் பெண்ணின் இடுப்பை ஒத்தது, ஆண் பூந்தண்டின் வடிவத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. புயல் இரவில் ஆண்மரங்கள் வேரைப் பிடுங்கிக்கொண்டு பெண்மரங்களிடம் நடந்து போகும், அதைப் பார்த்தவன் பிழைக்க மாட்டான் என்பார்கள். 1881-ல் அங்கே போன ஆங்கிலேயத் தளபதி கார்டன், ஏதேன் தோட்டம் இதுதான், விலக்கப்பட்ட கனி இதுதான் என்று வரைபடத்தோடு வாதாடினார். பதினைந்து கிலோ காயை ஏவாள் எப்படிப் பறித்துக் கொடுத்தாள் என்று எனக்குப் புரியவில்லை.

நம் நாட்டுக்கும் பாரசீகத்துக்கும் வந்தால், காய் துறவிகளின் கைக்குப் போகிறது. ராஜாவின் விஷமுறிப்புக் கிண்ணம் ஒரு பக்கம். எதுவும் இல்லாதவனின் ஒரே பாத்திரம் மறுபக்கம். ஈரானில் ஊர் ஊராய்ச் சுற்றும் சூஃபி ஃபக்கீர்களின் பிச்சைப் பாத்திரம் 'கஷ்கூல்' எனப்படும். கடல் தேங்காயின் ஒரு பாதியை எடுத்து, மேலே எழுத்தும் பூவேலையும் செதுக்கி, சங்கிலி போட்டுத் தோளில் மாட்டிக்கொள்வார்கள். படகு போன்ற வடிவம். கடல் கடந்து தானே மிதந்து வந்த ஓடு, வழிப்போக்கனுக்குப் பாத்திரம் ஆவது பொருத்தம்தானே.

நம் பக்கத்தில் அது கமண்டலம். நாசிக், ஹரித்துவார் கும்பமேளாக்களில் சாதுக்கள் கையில் கறுத்துப் பளபளக்கிற, இரு பிளவான கமண்டலம் பார்த்திருப்பீர்கள். பலவும் தரியாயி நாரியல் ஓடுதான். கமண்டலம் என்பது வடசொல். தமிழில் குண்டிகை, கரகம். அந்தணர்க்கு உரியவற்றில் ஒன்றாகத் தொல்காப்பியமே கரகத்தைச் சொல்கிறது. எங்கள் திகம்பர முனிவர்கள் வைத்துக்கொள்வது மூன்றே பொருள்: மயிற்பீலி, கமண்டலம், நூல். தேவாரத்தில் சமணரைக் கேலி செய்யும் இடங்களில்கூடப் பீலியும் குண்டிகையும் வந்துவிடும். கோபப்பட என்ன இருக்கிறது? எங்கள் முன்னோர் கையில் என்ன இருந்தது என்பதற்கு எதிராளியே சாட்சி சொல்லியிருக்கிறார்!

ஆனால் ஒரு வேறுபாடு. ஃபக்கீரின் கஷ்கூல் உணவு வாங்கும் பாத்திரம். திகம்பர முனிவர் உணவை இரு கையில் ஏந்தி நின்றபடி உண்பார், பாத்திரமே கிடையாது. கமண்டலத்தில் இருப்பது காய்ச்சி ஆறிய நீர், அதுவும் தூய்மைக்கு மட்டும். எனவே அது மரத்தில் கடைந்ததாகவோ தேங்காய் ஓடாகவோ, யாரும் திருட ஆசைப்படாத பொருளாக இருப்பதுதான் முறை. ஆயிரக்கணக்கில் விலை போகிற ஓட்டைக் கமண்டலமாகக் கொடுப்பது கொடுக்கிறவரின் பெருமைக்கே தவிர, வாங்குகிறவரின் விரதத்துக்கு அல்ல என்பது என் அபிப்பிராயம்.

மருந்துக்கு வருவோம். நம் வீடுகளில் குழந்தைக்குச் சுக்கு, வசம்பு, கடுக்காய், மாசிக்காய் உரைத்துக் கொடுப்பது போல, பம்பாய்ப் பக்கத்தில் இந்தப் பருப்பையும் கல்லில் உரைத்துக் கொடுத்திருக்கிறார்கள். காய்ச்சலுக்கும் குழந்தைகளின் வயிற்றுவலிக்கும் எட்டி மரத்துச் சரக்கோடு சேர்த்துக் கொடுத்த பழக்கத்தை 19-ஆம் நூற்றாண்டு மருந்து நூல்கள் குறிக்கின்றன. எட்டி கொடிய விஷம். தாய்மார்கள் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் முயற்சி செய்யக் கூடாது. கடல் தேங்காய்ப் பருப்பைத் தனியாகப் பார்த்தால், முற்றிய பனங்கொட்டையில் இருக்கிற அதே வகை கெட்டிப் பொருள்தான். ஆண்மைக்கு, இதயத்துக்கு, சர்க்கரைக்கு என்று சொல்லி விற்பதெல்லாம் வடிவத்தையும் பழைய விஷமுறிப்புக் கதையையும் வைத்துச் சொல்வதே.

இந்தக் கதைதான் இன்று மரத்துக்கு எமனாக நிற்கிறது. கிழக்காசியாவில் இருமல் மருந்துக்கும் சூப்புக்கும் இந்தப் பருப்பைக் கேட்கிறார்கள். விலை ஏற ஏற, பிராலின் காட்டில் இரவோடு இரவாகக் காய் திருடுகிறார்கள். ஏழு வருஷம் முற்றிய காயை ஒருவன் தூக்கிக்கொண்டு போனால் அந்த இடத்தில் அடுத்த தலைமுறை மரம் இல்லை. காட்டுத் தீயும் சேர்ந்துகொள்கிறது. அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் இதைச் சேர்த்துவிட்டார்கள். செஷல்ஸ் அரசு 1978-லேயே இந்தக் காய்க்கென்று தனிச் சட்டம் போட்டது. முறையாக விற்கும் காயில் எண்ணிட்ட சீட்டு இருக்கும். இந்த மரங்கள் நிறைந்த பிராலினின் மாய் பள்ளத்தாக்கு 1983-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. 2010-ல் செஷல்ஸ் கேட்டுக்கொண்டபடி சைட்டீஸ் என்னும் பன்னாட்டு வணிக உடன்படிக்கையின் மூன்றாம் பட்டியலிலும் இது ஏறிவிட்டது. கவனியுங்கள், அந்தப் பட்டியல் குறிவைப்பது ஓட்டை அல்ல, பருப்பை. அதாவது மஸ்ஜித் பந்தரில் துண்டுகளாக வருகிற அதே சரக்கை. செஷல்ஸின் ஏற்றுமதி அனுமதி இல்லாமல் அது நாடு தாண்டக் கூடாது.

இதனால் எங்கள் கடையிலேயே ஒரு வாக்குவாதம். என் அக்கா மகன் கடையைக் கவனிக்கிறான், கெட்டிக்காரன். "மாமா, சீட்டோட வர்ற சரக்கு கட்டுப்படியாகாது. கேக்கறவங்களுக்கு நுங்கு கொட்டையக் காயவெச்சு நறுக்கிக் குடுத்தாக்கூட யாருக்குத் தெரியப் போவுது? ரெண்டும் பங்காளின்னு நீங்கதான சொன்னீங்க?" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஏனென்றால் அவன் சொன்னது வெளிநாட்டில் ஏற்கெனவே நடக்கிறது. சிங்கப்பூர், ஹாங்காங் பக்கத்தில் 'கடல் தேங்காய்' என்று டப்பாவிலும் இனிப்புக் கடையிலும் விற்பது பெரும்பாலும் தாய்லாந்து நுங்கு! சிங்கப்பூரில் மகன், மகள் இருக்கிற குடும்பத்தார் அடுத்த முறை போகும்போது வாயில் போட்டுப் பாருங்கள், சித்திரை மாசத்து நம்ம ஊர் ருசிதான். நுங்காகத் தின்றால் நல்ல பொருள். மருந்து விலை கொடுத்து ஏமாறாதீர்கள்.

"நுங்குன்னு எழுதி வித்தா எனக்கு ஆட்சேபணை இல்லடா. கடல் தேங்காய்னு எழுதினா அது பொய்யாப் போகும்" என்றேன். இப்போது இரண்டையும் வைப்பதில்லை. வந்து கேட்கிறவர்களிடம், செஷல்ஸ் அனுமதிச் சீட்டின் நகல் காட்டச் சொல்லுங்கள், பொடியாக இருந்தால் தொடவே தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். அடுத்த கடையில் வாங்கிக்கொள்கிறார்கள் என்பதும் தெரியும்.

நம்மவர் தொடர்பையும் சொல்லிவிட வேண்டும். மரம் கண்டுபிடிக்கப்பட்டு இரண்டே வருஷத்தில், 1770 ஆகஸ்டில், செஷல்ஸின் செயின்ட் ஆன் தீவில் முதல் குடியேற்றக் கூட்டம் இறங்கியது. மொத்தம் 28 பேர். அதில் 5 பேர் இந்தியர்கள். கணக்கில் 'மலபார்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்நாளைய பிரெஞ்சுக்காரர்கள் தென்னாட்டார் எல்லாரையும், தமிழரையும் சேர்த்து, அப்படித்தான் எழுதுவார்கள். பின்னால் தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து போன வணிகர்களின் வழிவந்த பிள்ளை, செட்டி, நாயுடு, படையாச்சி என்ற குடும்பப் பெயர்கள் இன்றும் அங்கே உண்டு. தலைநகர் விக்டோரியாவில் 1992-ல் நவசக்தி விநாயகர் கோயில் எழும்பியது. அந்த நாட்டுக்குப் போகிறவர்களின் கடவுச்சீட்டில் குத்துகிற முத்திரை இந்த இரட்டைக் காயின் வடிவம்தான். நாட்டுச் சின்னத்திலும் அந்த மரம் நிற்கிறது.

எங்கள் கடையில் பழைய பாதி ஓடு ஒன்று இருக்கிறது. கடையை எனக்கு விட்டுக்கொடுத்த பெரியவர் காலத்தது, சட்டமெல்லாம் வருவதற்கு முந்தியது. பூஜைக்கு வேண்டும், என்ன விலை என்றாலும் தருகிறோம் என்று கேட்டு வருகிறார்கள். விற்பதில்லை. வெந்தயம் அள்ள அதுதான் எங்களுக்கு முகவை. ஒரு தடவை அள்ளினால் ஏறக்குறைய ஒன்றே கால் கிலோ வருகிறது.